அப்பாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியம்

— அதை மட்டும் என்னால சொல்ல முடியாது, யாலிங். வேற எது வேணா கேளு, உங்கப்பாகிட்ட சொல்றேன்.

— ஏன் நெவில்? இவ்வளவு நேரம் அவர் சீனத்துல சொன்னதையெல்லாம் எனக்குச் சொன்னீங்களே. முதுகு வலிக்குதுன்னாரு, சொன்னீங்க. நான் இளைச்சுட்டேன்னாரு, அதையும் சொன்னீங்க.

— இளைச்சுட்டேன்னு சொல்லல. நீ குண்டாயிட்டேன்னாரு. மரியாதைக்கு மாத்திச் சொன்னேன்.

— பாருங்க! மாத்திச் சொல்ற அளவுக்குத் தேறிட்டீங்க. பெர்த்லேர்ந்து நாலு மணி நேரம் பறந்து வந்திருக்கேன். பெத்த பொண்ணுக்கும் அப்பாவுக்கும் நடுவுல கூரை வேய்ற பக்கத்து வீட்டுக்காரர் நின்னு மொழிபெயர்க்கிறாரு.

— கூரைக்காரன்னா என்ன மட்டமா?

— மட்டமில்ல. பொறாமை.

— வந்து பாரேன் எங்க சீன வகுப்பை. செவ்வாய்க்கிழமை, பாக்ஸ் ஹில் நூலக மாடி. பதினெட்டுப் பேர். ஒரு போலீஸ்காரி, ஒரு பல் டாக்டர், கரப்பானுக்கு மருந்தடிக்கிறவன் ஒருத்தன். மார்ஜரின்னு ஒருத்தி, எழுபத்தோரு வயசு. மீன் கடையில சீனத்துலயே சண்டை போட்டு நல்ல மீனா வாங்கி, நேரா வகுப்புக்கே தூக்கிட்டு வந்துட்டா. எழுந்து நின்னு கைதட்டினோம், மூக்கைப் பிடிச்சுக்கிட்டு. இடம் கிடைக்காம இன்னும் பதினோரு பேர் காத்திருக்காங்க. இங்கிலீஷே போதும்னு வாழ்ந்த கும்பல் அது! அதுல கடைசி பெஞ்ச் நான். டீச்சர் என் எழுத்தைப் பார்த்துட்டு, 'இது கூரையிலேர்ந்து விழும்போது எழுதினதா?'ன்னாங்க.

— அப்பாவுக்காகத்தானே சேர்ந்தீங்க?

— சுயநலம். முப்பத்தாறு வருஷமா உங்கப்பா பெங்கும் நானும் இந்த வேலிக்கு மேல கால்பந்து பேசினோம். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாரு, திரும்பி வந்தா இங்கிலீஷ் மொத்தமும் காணோம். சீனம்தான் பாக்கி. எங்க அணி தோத்தா நான் யார்கிட்டப் போய் அழறது? முதல் வாக்கியத்தை வந்து ஒப்பிச்சேன். பாதி வாயால சிரிச்சாரு பாரு! அந்தச் சிரிப்புக்காகத்தான் ரெண்டாவது வாக்கியம் படிச்சேன்.

— எனக்கு ஒண்ணுகூடத் தெரியாது. வீட்டுல சீனம் பேசினா அன்னிக்குத் தட்டுக் கழுவணும். அவர் போட்ட சட்டம். 'உன் உச்சரிப்பு கெட்டுடும், இந்த ஊர்ல ஒருத்தனும் மதிக்க மாட்டான்'ம்பாரு. எங்கம்மா சாகற வரைக்கும் என்கிட்ட ஓட்டை இங்கிலீஷ்லதான் கொஞ்சினாங்க.

— தெரியும். 'என் பொண்ணு பேசறது உங்க ஊர்க்காரி பேசற மாதிரி இருக்கா?'ன்னு வாரா வாரம் என்கிட்ட வந்து கேப்பாரு. இருக்குன்னு சொன்னா நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போவாரு.

— சரி, விஷயத்துக்கு வாங்க. போன வாரம் பூண்டுத்தழைப் பாத்தியில விழுந்து கிடந்தாரே, தூக்கினது நீங்கதானே?

— நான்தான்.

— நீங்க அன்னிக்கு ஊர்ல இல்லாம இருந்திருந்தா? பெர்த்ல என் வீட்டுப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கேன். சீனம் பேசற நர்ஸ் ரெண்டு பேர் இருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அவர் சரின்னு சொல்லணும், இல்லேன்னா இடம் போயிடும். ஃபோன்ல மொழிபெயர்த்துக் கேக்க வச்சா முகத்தைத் திருப்பிக்கறாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு.

— நீ சொல்றது நியாயம்தான் கண்ணு. ஆனா இருபது மாசம் நாக்கு சுளுக்கப் படிச்சது அந்த மனுஷனைச் சிரிக்க வைக்க. அதே வாயால 'வீட்டை விட்டுக் கிளம்புங்க'ன்னு எப்படிச் சொல்வேன்? வேணும்னா உனக்குச் சொல்லித் தர்றேன். நீயே சொல்லு.

— நானா? உளறுவேன்.

— நான் உளறாத நாள் உண்டா? வா, என் பின்னாலயே சொல்லு... இழுக்காத. அந்த இடத்துல குரல் படி இறங்கற மாதிரி இறங்கணும்... இறங்கச் சொன்னா உருண்டு விழறியே! மறுபடி... ம், இப்ப மனுஷப் பேச்சு மாதிரி இருக்கு. அவ்வளவுதான், போ.

— முதல் தடவையா அவர்கிட்டச் சீனத்துல பேசப் போறேன் நெவில். நாற்பத்து மூணு வயசாச்சு எனக்கு.

— நாற்காலியிலேர்ந்து உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்காரு. பக்கத்துல போய்க் குனிஞ்சு சொல்லு.

— அப்பா... நீங்க... இனிமே இங்க... தனியா இருக்க முடியாது. பெர்த்துக்கு... வந்துடுங்க. என் வீட்டுப் பக்கத்துல... இல்லம்... பார்த்திருக்கேன்.

— ம், நல்லாவே சொல்லிட்டே.

— ஐயோ நெவில், அழறாரே! கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொல்றாரு. கோபமா? தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்ல.

— புரியலையாமா?

— ஒவ்வொரு சொல்லும் புரிஞ்சுதாம். வர்றதா வேண்டாமான்னு அப்புறம் யோசிக்கிறாராம்.

— பின்ன எதுக்கு அழறாரு?

— எவ்வளவு கெட்ட சேதியா இருந்தாலும் பரவால்லையாம். இன்னொரு தடவை சீனத்துல சொல்லச் சொல்றாரு.