குடிக்காமல் வைத்த கஹ்வா

உங்கள் அலுவலகத்துக் கஹ்வா நன்றாக இருக்கும் என்று வாசனையிலேயே தெரிகிறது, ஐயா. காப்பிக்கொட்டையிலும் ஏலக்காயிலும் சிக்கனம் பார்க்கவில்லை. அரசாங்கச் செலவில் இப்படி ஒரு கஹ்வா கிடைப்பது அபூர்வம். கோப்பை அங்கேயே மேசைமேல் இருக்கட்டும். அவசரம் ஒன்றுமில்லை.

வாசலில் நின்ற காவலர் என்னை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "நௌஃபல், உள்ள வா" என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, சின்ன வயது. அம்மான் நகரத்தில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அபூ ரம்ஸி, ரம்ஸியின் அப்பா, என்பார்கள், மீதிப் பேர் பாஷா என்பார்கள். பாஷா என்பது ஓய்வுபெற்ற தளபதிகளுக்கு உரியது என்பது எனக்கும் தெரியும். நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை, ஸ்டேப்ளரைத்தான் தொட்டிருக்கிறேன். டாக்சிக்காரர்கூட ஏறுகிற எல்லோரையும் பாஷா என்பார். ஆனால் இறங்கும்போது மீதிச் சில்லறை கேட்டால் பட்டம் பறிபோய்விடும். எனக்குப் பறிபோகவில்லை. அதற்காக நான் உழைத்திருக்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் சம்பளப் பிரிவு மேலாளர். பஸ்ரா பக்கத்து எண்ணெய் வயல்களுக்கு நம் ஊர் கிரேன் ஓட்டுநர்களையும் வெல்டர்களையும் ஒப்பந்தத்தில் அனுப்புகிறோம். அந்த நாட்டு வருமான வரியை மாதாமாதம் அவர்கள் சம்பளத்திலிருந்து பிடித்து, அங்கிருக்கும் எங்கள் முகவர் மூலம் கட்டவேண்டும். பிடிப்பதில் நான் ஒரு மாதமும் தவறியதில்லை. கட்டுவதில்தான் கொஞ்சம் தாமதம்.

திருட்டு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். முதல் தடவை அது கடன். என் மூத்தவன் ரம்ஸியின் கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போகப் பெரியவர்களைச் சேர்த்து ஒரு ஜாஹா திரட்ட வேண்டியிருந்தது. நான்கு பெரிய மனிதர்கள் முன்னால் நடக்காவிட்டால் நம்மை யார் மதிக்கிறார்கள்? பெரிய மனிதர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் முதலில் அவர்களுக்கு மன்ஸஃப் விருந்து வைக்கவேண்டும். ஆட்டுக்கறி விலை உங்களுக்குத் தெரியும். அன்று அந்தப் பெரிய மனிதர்கள் பெண் வீட்டில் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். தலைவர் கோப்பையை வாங்கினார், குடிக்காமல் முன்னால் வைத்தார். "வந்த காரியம் ஆகாமல் இதைத் தொடமாட்டோம்" என்றார். பெண்ணின் அப்பா, "குடியுங்கள், கேட்டது கொடுத்தாயிற்று" என்றார். அதற்குப் பிறகு கையெழுத்தும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். குடித்த கஹ்வாவை மீறி வாக்குத் தவறியவன் ஊரில் தலை நிமிர்த்தி நடக்க முடியாது. அந்த ஒரு கோப்பைக்கு நீதிமன்றத்தைவிட மதிப்பு. அன்றே முடிவு செய்தேன், நானும் ஒருநாள் அந்த இடத்தில் உட்காரவேண்டும்.

அந்த இடத்துக்கு ஒரு வரவேற்புக் கூடம் தேவைப்பட்டது. சுவரோரம் முழுக்கச் சோபா, கஹ்வா ஊற்றப் பித்தளை தல்லாக்கள், தங்கச் சரிகை வைத்த ஒட்டகமயிர் அங்கி, யாருடைய கல்யாணத்துக்கும் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய ஒரு கார். என் சம்பளத்தில் அது முடியுமா என்று உம்மு ரம்ஸி ஒருமுறை கேட்டாள். என் மனைவிக்கு நாக்கு நீளம். "ஸ்டேப்ளர்ல இருந்து பாஷா ஆன முதல் ஆளு நீங்கதான்" என்பாள். பஸ்ராவில் வரியை யாரும் கேட்கவில்லை என்று முகவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்காத கடனைக் கட்டுவது விவேகமல்ல.

ஸுவைலிமின் சங்கதிக்கு வருகிறேன். கெரக் பக்கத்து ஆள், கிரேன் ஓட்டுநர், பேச்சில் உப்பு அதிகம். சர்க்கரை நோயாளி. வேலையிடத்தில் ஒரு கம்பி அவன் கால் பெருவிரலில் ஏறிவிட்டது. புண் ஆறவில்லை. ஊருக்கு அனுப்பி வைத்தியம் பாருங்கள் என்று முகாம் டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆனால் அவனுடைய தங்கும் அனுமதி முடிந்திருந்தது. புதுப்பிக்கப் போனபோது, வரி கட்டிய சான்று எங்கே என்று கேட்டுவிட்டார்கள். அந்த வருடம்தான் கேட்கத் தொடங்கினார்கள். அனுமதி இல்லாமல் அவனால் அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகமுடியாது, ஊருக்கும் கிளம்பமுடியாது.

எனக்குப் போன் செய்தான். முதல் தடவை மரியாதையாகத்தான் பேசினான். சம்பளச் சீட்டில் மாதாமாதம் வரி என்று பிடித்திருக்கிறதே, அது எங்கே போனது என்றான். கணக்குச் சரிபார்ப்பில் இருக்கிறது என்றேன். அடுத்த தடவை, புகாரை முறைப்படி எழுதி அனுப்பச் சொன்னேன், எதற்கும் ஒரு முறை இருக்கிறதல்லவா. அதற்கடுத்த தடவை அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன், மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

"அபூ ரம்ஸி, மனு எழுதுங்கிறீங்க. என் காலு கருத்துப்போச்சு. நாத்தத்துல கூட இருக்கிறவன் கட்டிலை வெளியில இழுத்துப் போட்டுட்டான். அந்தக் காலு மனுவெல்லாம் படிக்குமா?"

பொறுமையாக இரு என்றேன்.

"பொறுமைக்கும் வரி பிடிப்பீங்களா?" என்றான். பிறகு குரல் உடைந்து, "என் புள்ளைங்க மேல சத்தியமா கேக்கறேன், என்னை இங்கேர்ந்து எடுத்துருங்க. பணத்தை நான் கேக்கல. அது உங்களுக்கே இருக்கட்டும். என்னை மட்டும் எடுத்துருங்க" என்றான்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. பணம் எனக்கே இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம்? ஒரு மேலாளரிடம் பேசுகிற பேச்சா அது?

அந்த வாரம் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு என் வாசலில் கார்கள் வந்து நின்றன. வெள்ளைத் தாடிகள், அங்கிகள். முன்னால் ஸுவைலிமின் சித்தப்பா, ஹாஜி ஹாயில். அவர்கள் யாருக்கோ பெண் கேட்க என்னைத் தலைமை தாங்க அழைக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் அங்கியைப் போட்டுக்கொண்டேன். கஹ்வா ஊற்றினேன். ஹாஜி ஹாயில் கோப்பையை வாங்கினார். குடிக்காமல் என் முன்னால் வைத்தார். கூடவே வந்த எல்லோரும் வைத்தார்கள்.

ஐயா, என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஜாஹா என் வீடு தேடி வந்து என் முன்னால் கோப்பையை வைக்கிறது. அந்த நிமிடத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

"பாஷா, நாங்க காசு கேட்டு வரல, கணக்கு கேட்டும் வரல" என்றார் ஹாஜி. "எங்க பையன் வீடு வந்து சேரணும். அடுத்த வியாழனுக்குள்ள. அது ஒண்ணுதான்."

பாஷா என்றார். டாக்சிக்காரர் சொல்வது போல அல்ல.

"குடியுங்கள்" என்றேன். "வியாழனுக்குள் ஸுவைலிம் உங்கள் வாசலில் இருப்பான்."

எல்லோரும் குடித்தார்கள். ஹாஜி என் தோளில் முத்தமிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான்.

அவர்கள் போனபிறகு முகவருக்குப் போன் செய்தேன். ஸுவைலிம் ஒருவனுடைய வரியை மட்டும் கட்டிவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். ஒருவன் பெயரைத் திறந்தால் எல்லார் பெயரும் திறக்கும், எல்லாருக்கும் கட்டப் பணம் வைத்திருக்கிறீர்களா என்றார். காரை விற்றுவிடுங்கள், கூடத்தை விற்றுவிடுங்கள் என்றாள் உம்மு ரம்ஸி. அந்தக் காரை எத்தனையோ கல்யாணத்தில் ஊரே பார்த்திருக்கிறது. அது நின்ற இடத்தில் இல்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள். "கேக்கட்டும்" என்றாள். பெண்களுக்கு இதெல்லாம் புரியாது.

நான் நிதானமாக யோசித்தேன். வேலையைவிட்டு ஓடிப்போன வெளிநாட்டுத் தொழிலாளியைப் பிடித்தால் அந்த நாட்டுப் போலீஸ் என்ன செய்யும்? நாடு கடத்தும். அவர்கள் செலவில், அவர்கள் விமானத்தில். அனுமதியும் வேண்டாம், வரிச் சான்றும் வேண்டாம். ஸுவைலிம் வீட்டுக்கு வரவேண்டும் என்பதுதானே வாக்கு? அதற்கு இதைவிடக் குறுக்கு வழி உண்டா? கூடவே, வரிக்கென்று கொடுத்த தொகையை அவனே எடுத்துக்கொண்டு ஓடினான் என்று சேர்த்துக்கொண்டால் பாக்கியும் அவன் தலையில் போய்விடும், மற்றவர்கள் கணக்கைத் திறக்கவேண்டிய அவசியமும் வராது. எல்லோருக்கும் நல்லது. முதலாளி துபாயில் இருந்தார். நான் நீட்டுவதில் கையெழுத்துப் போடுவார், போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, ஸுவைலிம் வேலையைவிட்டு ஓடிப்போய்விட்டான் என்ற புகாரை முகவர் காவல் நிலையத்தில் கொடுத்தார்.

அவன் எங்கே இருக்கிறான் என்பதையும் முகவர் சொல்லவேண்டியிருந்தது. முகாமில், அதே கட்டிலில்தான் இருந்தான். ஓடிப்போனவனைக் கண்டுபிடிக்கப் போலீஸ் சிரமப்படக்கூடாதல்லவா.

நாடு கடத்துவதற்கு முன் விசாரணை என்று ஒன்று உண்டு என்பதை நான் போதுமான அளவு யோசிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பணம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். அவன் என் பெயரைச் சொல்லியிருக்கிறான், அவர்கள் நம்பவில்லை. ஒரு மேலாளர் கையெழுத்துக்கும் ஒரு கிரேன் ஓட்டுநர் வாய்க்கும் நடுவில் யாரை நம்புவார்கள்? லாக்கப்பில் கூட்டம். இன்சுலின் முகாமிலேயே இருந்துவிட்டது. விஷம் காலிலிருந்து மேலே ஏறிவிட்டது.

ஆனால் வியாழக்கிழமை மதியம் அவன் வந்துவிட்டான், ஐயா. விமானத்தில், பெட்டியில். ஹாஜி ஹாயிலின் வாசலில், நான் சொன்ன கெடுவுக்குள். என்மேல் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், வாக்குத் தவறினேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

துக்கத்துக்குப் போனேன். போகாமல் எப்படி? அங்கியோடு போனேன், முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். ஸுவைலிமின் பிள்ளைகள் வரிசையில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தார்கள். கடைசிப் பையனுக்கு என் இடுப்பு உயரம், என் அங்கிச் சரிகையைத் தொட்டுப் பார்த்தான். ஹாஜி ஹாயில் தானே தல்லாவை எடுத்துவந்து எனக்கு ஊற்றினார், துக்கவீட்டுக் கஹ்வா, கசப்பு. நான் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவர் என் முன்னால் நின்றார். பிறகு குனிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார்.

"ஓடிப்போனான்னு எழுதிக் குடுத்திருக்கீங்களாமே. எந்தக் கால்ல ஓடினான், பாஷா?"

நான் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தேன். துக்கவீட்டில் விவாதிப்பது மரியாதையல்ல. அவர் அங்கிருந்து நேராக உங்களிடம் வந்தார் என்று நினைக்கிறேன். ஜாஹாவாகத் திரும்ப என் வீட்டுக்கு வந்திருக்கலாம், பேசித் தீர்த்திருக்கலாம். பெரியவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வரியைக் கட்டாமல் வைத்துக்கொண்டது நான். அவன் கட்டிலில் கிடக்கிறான் என்று தெரிந்தே ஓடிப்போனான் என்று எழுதியது நான். போலீசை அந்தக் கட்டிலுக்கு அனுப்பியது நான். இன்சுலினைப் பற்றி எனக்குத் தெரியும். போனில் அவனே சொல்லியிருந்தான். இதில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் தாளில் கொலை என்ற அந்தச் சொல் வேண்டாம். நிர்வாகத் தாமதம் என்று போடலாம், கேட்க யாருக்கும் உறுத்தாது. என் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்பதை உங்கள் விருப்பத்துக்கே விடுகிறேன்.

கோப்பையை நான் இன்னும் தொடவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நம் வழக்கம் உங்களுக்கும் தெரியும். குடியுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஐயா. ஆறிப்போயிருந்தாலும் பரவாயில்லை, குடித்துவிட்டுக் கிளம்புகிறேன்.