சட்டையோடு குளித்தவர்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் பஸ்ஸில், என் முன்சீட்டு அம்மாள் தன் புருஷனிடம் கத்தினாள்.

“மூணு மாசமா சட்டையோட குளிச்சிக்கினு இருந்திருக்கியே! நேத்து பனியன்ல ரத்தம் பாக்கலன்னா இன்னும் மறைச்சிருப்ப!”

“இன்னாடி கத்துற? மார்ல சின்ன கட்டி. வலிக்கவேயில்ல.”

“வலிக்காத கட்டியும் ஒடனே காட்டணும்னு ஊருக்கு வந்த நர்சம்மா சொல்லிச்சி இல்ல?”

“அது பொம்பளைங்க வியாதி. ஆஸ்பத்திரில அந்த வரிசையில அவங்கதான் நிப்பாங்க. என்னப் பாத்து சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். நீ செத்தா அழப்போறது நான்!”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. அந்தம்மா எழுந்தாள், அவர் அசையவில்லை.

“யோவ், எறங்குறியா, இல்ல சட்டையக் கழட்டி இந்த பஸ்ஸுக்கே காட்டவா?”

முதல் ஆளாக இறங்கினார்.