ஒரு ஆள் குறையுது

— அளவெல்லாம் எடுத்தாச்சு நெய்னா. ஹால்ல ரெண்டு ஜன்னல், ரூம்ல ஒண்ணு. திரைச்சீலையை நானே தைச்சுப் போட்டுடுவேன். நீ சரின்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லு.

— எந்த வீட்டுக்கு லாத்தா?

— எந்த வீட்டுக்கா? எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல இருக்கிற வீட்டுக்குத்தான். ஒரு மாசமா வேற என்னத்தைப் பேசிக்கிட்டு இருக்கேன் நான்? இர்விங்ல இந்த ஏரியால வீடு காலியாகுறதே அபூர்வம். அதுவும் என் கதவைத் தொறந்தா உன் கதவு. லீஸிங் ஆஃபீஸ்ல சண்முகப்ரியான்னு நம்ம தமிழ்ப் பொண்ணு. எனக்காக ஏழரை வரைக்கும் ஆஃபீஸைப் பூட்டாம உக்காந்திருக்கு. இப்ப மணி ஏழு.

— இங்க ரெண்டுதான் ஆகுது.

— ஒன் தீவுல எல்லாமே லேட்டுதான். ஜும்ஆ முடிஞ்சுதா?

— இப்பத்தான் முடிஞ்சுது. கார்ல உக்காந்துதான் பேசுறேன். வண்டி ஓட்டலை, பயப்படாதீங்க.

— அதே காப்பிக் கொட்டகைதானே? காப்பிக்கொட்டை காயப்போடுற எடத்துல ஜும்ஆ. காயல்பட்டினத்துல போய்ச் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.

— கொட்டகைக்காரம்மா மிஸஸ் ஒகாடாவுக்கு எம்பது வயசு லாத்தா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலைலயே வந்து கொட்டையெல்லாம் ஓரமா ஒதுக்கிக் கூட்டி வெச்சிடுறாங்க. அவங்களுக்கும் நம்ம மார்க்கத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவ்ளோ கூட்டியும், ஸஜ்தாலேருந்து எழுந்தா யாராவது ஒருத்தர் நெத்தில ஒரு கொட்டை ஒட்டியிருக்கும்.

— ஒன் நெத்தில ரெண்டு ஒட்டியிருக்கும். நீதான் ரெண்டு தடவை தொழுறவனாச்சே.

— சிரிங்க, சிரிங்க.

— சிரிக்காம என்ன செய்ய? எல்லாரும் ஜும்ஆ தொழுதுட்டு எந்திரிச்சா நீ மட்டும் தனியா நின்னு, மத்த நாள் மாதிரி மதியத்து லுஹரையும் தொழுவே. அஞ்சு வருஷமா இதே கதை. மச்சான் என்ன சொல்றாரு தெரியுமா? ஒன் தம்பி பூட்டைப் பூட்டிட்டு இழுத்து இழுத்துப் பாக்குற ஆளுங்கிறாரு.

— மச்சான் ஆம்பூர்க்காரர், ஹனஃபி. அவங்களுக்கு நாலு பேர் சேர்ந்தாப் போதும், ஜும்ஆ ஆயிடும். நம்ம ஷாஃபி மத்ஹபுக்கு நாப்பது ஆம்பளை வேணுமே. ஒண்ணு குறைஞ்சாலும் லுஹர் தொழுதாகணும்.

— ஒனக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்ததே நான். எனக்கே பாடம் எடுக்கிறியா? அது சரி, பெருநாளைக்கு அறுபது பேர் வந்தாங்கன்னு சொன்னியே?

— அதுல பாதி ஹோட்டல்ல தங்க வந்தவங்க. அவங்க கணக்குல சேர மாட்டாங்க. இதுதான் என் ஊருன்னு நிலைச்சு வாழுறவனா இருக்கணும். வந்துட்டுப் போறவன் கூட நின்னு தொழலாம். ஆனா தலை எண்ணுறப்ப அவனை எண்ண மாட்டாங்க.

— அப்படிப் பாத்தா, கெளம்பப் போற நீயும்தான் அந்தக் கணக்குல இல்லை.

— ஆமா. நானும் இல்லை. என்னை விட்டுட்டு முப்பத்தொம்பது பேர்.

— அதுக்குத்தான் சொல்றேன், இங்க வா. இங்க ஜும்ஆ மூணு ஷிஃப்டு. பார்க்கிங் பாத்து விடுறதுக்கே இருபது பேர் நிக்கிறாங்க. ஒரு தடவை தொழுதியா, நிம்மதியா வேலைக்குப் போனியான்னு இரு. டாக்டர் கிடைக்காத ஊர்ல அஞ்சு வருஷம் வேலை பாத்தா கிரீன் கார்டு தர்றேன்னான். பாத்தே. தந்துட்டான். இனிமே அந்தக் க்ளினிக்குக்கும் ஒனக்கும் என்ன ஒட்டு? இங்க ஆஸ்பத்திரியில ஆஃபர் லெட்டரே அனுப்பிட்டாங்க.

— லெட்டர் வந்துச்சு லாத்தா. நல்ல வேலைதான்.

— மொத வருஷம் ஃபோன்ல அழுதது யாரு? பாங்கு சத்தம் கேக்கலை, ஹலால் கறி கெடைக்கலை, நோன்புக்கஞ்சி குடிக்கக் கூட ஒரு ஆள் இல்லைன்னு?

— நான்தான். ஒரு மாசம் முட்டையும் மீனுமாத் தின்னோம். அப்புறம் மலைமேல ஆடு வளக்குறவரு, என்கிட்ட சுகருக்கு மருந்து வாங்குறவரு, ஒருநாள் ஆட்டோட வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. டாக்டர், ஒங்க சாமி பேரைச் சொல்லி நீங்களே அறுங்க, பாதி எனக்குக் குடுங்கன்னாரு. நான் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். டாக்டருக்கே கத்தி புடிக்கத் தெரியலையான்னு ஒரே சிரிப்பு அவருக்கு. இன்னி வரைக்கும் மாசம் ஒரு ஆடு வந்துடுது.

— நீ கட்டிக் கூட்டிட்டுப் போன ஸித்தீகா பாவம்டா. அவளுக்குப் பேச்சுத் துணை வேணாமா? என்ன சொல்றா அவ?

— உங்க லாத்தாகிட்ட நீங்களே பேசுங்கன்னுட்டா.

— என் மேல அவ்ளோ பயமா?

— பயம் இல்லை, மரியாதை. உங்களுக்குத் தெரியுமா, ஊர்ல கடக்கரையில பொறந்தவ, கல்யாணம் ஆகுற வரைக்கும் கடல்ல கால் நனைச்சதோட சரி. இங்க வெயிலுக்குப் பயந்து எல்லாப் பொம்பளைங்களும் கழுத்துலேருந்து கணுக்கால் வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் கடல்ல இறங்குறாங்க. இவளும் முக்காட்டோட இறங்கினா. ஒருத்தி கிட்ட வந்து, காதுல கூட வெயில் படாம இருக்கே, இந்தத் துணி எந்தக் கடைல வாங்கினேன்னு கேட்டாளாம். இப்ப இவ நல்லா நீஞ்சுறா.

— அல்லாவே. நீஞ்சுறாளா? மாமிக்குத் தெரியுமா?

— நீங்க சொல்லாட்டி தெரியாது.

— எனக்கெதுக்கு ஊர்வம்பு. நெய்னா, சிரிச்சது போதும். நான் ஒண்ணு சொல்றேன் கேளு. ஆயிரம் பேர் தொழுற பள்ளிதான் இங்க. வெளிய வந்தா அவங்கவங்க கார், அவங்கவங்க ஃப்ரீவே. நோன்பு தொறக்குறப்ப நானும் மச்சானும் டிவியும்தான். தம்மடை செஞ்சா மூணு நாளைக்கு நாங்க ரெண்டு பேரே தின்னு தீக்குறோம். உம்மா மவுத்தானதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன்தான்.

— தெரியும் லாத்தா. இந்த நாட்டுல எனக்குக் கதவைத் தொறந்து விட்டதே நீங்கதான். பரீட்சைக்குப் படிக்கிறப்ப எட்டு மாசம் உங்க வீட்டு சோஃபாலதான் கெடந்தேன். மச்சான் ஒரு நாள் மூஞ்சியைச் சுளிச்சதில்லை. ஒவ்வொரு துஆவுலயும் உங்க பேரைச் சொல்லாம நான் கையை இறக்குறதில்லை.

— இப்ப எதுக்கு இதெல்லாம் சொல்றே?

— சொல்லணும்னு தோணுச்சு. இந்த ரமலானுக்கு நீங்களும் மச்சானும் இங்க வாங்களேன். முப்பது நாளும் தங்குங்க.

— பைத்தியமா ஒனக்கு? ரமலானுக்கு நீயே எதுத்த வீட்டுல இருக்கப் போறே. நான் எதுக்கு அங்க வரணும்? மணி ஏழே கால். சண்முகப்ரியா மெசேஜ் மேல மெசேஜ் அனுப்புது.

— போன வெள்ளிக்கிழமை ஒண்ணு நடந்துச்சு. அதைச் சொல்லிடுறேன்.

— சுருக்கமாச் சொல்லு.

— ஜும்ஆ முடிஞ்சு நான் லுஹருக்கு நின்னேன். ரெண்டாவது ரக்அத்துல நல்ல மழை. அந்தக் கொட்டகைக்குக் கூரை சக்கரத்துல ஓடும். வெயிலடிச்சா தள்ளித் தொறப்பாங்க, மழை வந்தா இழுத்து மூடணும். ஸலாம் கொடுத்து முடிச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், என் மேல ஒரு சொட்டு விழலை. ஃபிஜிக்காரங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும், போஸ்னியா சமையக்காரரும் வெளிய இறங்கி நின்னு கூரையை இழுத்துப் புடிச்சிருக்காங்க. தொப்பலா நனைஞ்சுட்டாங்க. அவங்களோட மிஸஸ் ஒகாடாவும்.

— அவங்க தொழுது முடிச்சாச்சுல்ல? கெளம்பிப் போக வேண்டியதுதானே?

— அதைத்தான் நானும் கேட்டேன். அப்புறம் பாத்தா ஜும்ஆவுக்குப் பின்னால எல்லாரும் சாப்பிடக் கொண்டாந்த சோத்துத் தட்டெல்லாம் மூடினபடியே இருக்கு. நான் ரெண்டாவது தொழுது முடிக்கிற வரைக்கும் அங்க யாரும் சாப்பிட உக்காந்ததே இல்லையாம். அஞ்சு வருஷமா. சும்மா பேசிக்கிட்டு நிக்கிறாங்கன்னுதான் நான் நெனச்சிருந்தேன் லாத்தா. எனக்குத் தெரியவே தெரியாது.

— ஒருத்தர் கூடச் சொல்லலையா?

— ஒருத்தர் கூட. மிஸஸ் ஒகாடாதான் அன்னிக்கு வாயைத் தொறந்தாங்க. டாக்டர், எல்லாரும் ஒண்ணு தொழுறாங்க, நீங்க மட்டும் ஏன் ரெண்டுன்னு கேட்டாங்க. நாப்பது பேர் வேணும், ஒரு ஆள் குறையுதுன்னேன். அவங்க தலையைத் துவட்டிக்கிட்டே, அந்த ஆள் எப்ப வருவார்னாங்க.

— நீ என்ன சொன்னே?

— யோசிச்சுச் சொல்றேன்னேன். வாரம் பூரா யோசிச்சேன். ஸித்தீகாகிட்டயும் கேட்டேன்.

— நல்ல மனுஷங்கதான், நான் இல்லேங்கலை. அல்லாஹ் அவங்களுக்கு நேர்வழியையும் ஆயுசையும் கொடுக்கட்டும். ஆனா நல்ல மனுஷங்க இர்விங்லயும் இருக்காங்க. மணி ஏழு இருபது. லுஹர் தொழுதுட்டுத்தானே கார்ல ஏறினே? பாக்கி இருந்தா போய்த் தொழுதுட்டு வா, அஞ்சு நிமிஷம் அந்தப் பொண்ணைப் புடிச்சு வெக்கிறேன்.

— இல்லை லாத்தா. இன்னிக்கு லுஹர் தொழலை.

— மறந்துட்டியா? நீயா?

— மறக்கலை. தேவைப்படலை. இன்னிக்கு நாப்பது நெறைஞ்சுடுச்சு.

— அல்ஹம்துலில்லாஹ். இதை மொதல்ல சொல்ல வேண்டாமா? யாரு, புதுசா குடும்பத்தோட வந்திருக்காங்களா?

— புதுசா யாரும் வரலை லாத்தா.