முத்திரை உடையாத சூறாவளியார்

மனைவி: அந்தப் பக்கம் வேணாங்க. திருப்புங்க.

நிபுணர்: ஏன் திருப்பணும்? முத்திரை மேலதானே இருக்கு? மேலதான் காட்டணும்.

மனைவி: கீழேயும் ஒண்ணு இருக்கே. அதுதான் பளிச்சுனு இருக்கு. மேல வெளிச்சம் பட்டு ஒரே கண்ணு கூசுது.

நிபுணர்: கீழ் முத்திரையை யாரும் பார்க்க மாட்டாங்க. நீ மேலயே பிடி.

மனைவி: நான் கீழயே பிடிக்கிறேனே...

நிபுணர்: கேமரா பிடிக்கத்தான் உன்னைக் கூப்பிட்டேன். யோசனை சொல்ல இல்ல. பதிவு ஓடுதா?

மனைவி: சிவப்புப் புள்ளி வந்து ரொம்ப நேரம் ஆச்சு.

நிபுணர்: ஐயோ! முதல்லயே சொல்றதில்லையா? இனி நிறுத்தவும் முடியாது. படம் ஒரே ஓட்டமா இருக்கணும், நடுவுல வெட்டக் கூடாதுன்னு விதி.

மனைவி: அப்ப நாம பேசினதெல்லாம்?

நிபுணர்: குரல் பரவாயில்ல. அப்புறம் அதை எடுத்துட்டு என் குரலை ஏத்திக்கலாம், அதுக்கு அனுமதி இருக்கு. முகம்தான் முக்கியம். அதனால இனிமே உன்னைத் திட்டினாலும் சிரிச்சுக்கிட்டேதான் திட்டுவேன், தெரிஞ்சுக்கோ.

மனைவி: கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இது ஒண்ணுதான் புதுசு.

நிபுணர்: ஆரம்பிக்கிறேன். “பெருமதிப்பிற்குரிய சேகரிப்பாளர் பெருமக்களே! நம் சங்கத் தலைவர் அவர்கள் தம் பொற்கரங்களால் அடியேனிடம் ஒப்படைத்த, இதுவரை மானிடக் கரம் தீண்டாத...”

மனைவி: பொற்கரமா? முறம் மாதிரி கை. அவர் நீட்டினப்ப பெட்டியே தெரியல.

நிபுணர்: “...தீண்டாத இப்பெட்டியை, தலைமை நடுவர் பதவிக்குரிய தேர்வாக, முதன்முறையாக உங்கள் கண்முன் திறந்து, முதல் பார்வையிலேயே மதிப்பிட இருக்கிறேன்.”

மனைவி: முதல் பார்வை...

நிபுணர்: என்ன இழுக்கிற?

மனைவி: ஒண்ணுமில்லையே. தும்மல் வந்துச்சு, போயிடுச்சு. ஏங்க, முன்னாடியே யாராவது திறந்திருந்தா என்ன பண்ணுவாங்க?

நிபுணர்: யார் திறந்தது?

மனைவி: யாருமில்லைங்க. பொதுவா கேட்டேன்.

நிபுணர்: நீக்கிடுவாங்க. நம்ம சங்கத்துப் பல் டாக்டரை நீக்கலையா? பொண்ணு அழுதுச்சுன்னு பெட்டியைத் திறந்து கையில கொடுத்துட்டார். நான்தான் எழுந்து பேசினேன். “திறந்த பெட்டி, செத்த பெட்டி!” கைதட்டல் அடங்கவே இல்ல. தலைவர் கண்ணைத் தொடைச்சுக்கிட்டார்.

மனைவி: பாவம், அந்த மனுஷன் பொம்மையைத்தானே எடுத்தாரு...

நிபுணர்: பொம்மைன்னு சொல்லாதே! சேகரிப்புச் சிற்பம்.

மனைவி: சரி, சிற்பம். சிரிங்க, முகம் மாறுது.

நிபுணர்: உனக்கு விளையாட்டா இருக்கு. கிடங்கு ஆபீஸ்ல என் நாற்காலிக்கு ஒரு பக்கம் கை கிடையாது, தெரியுமா? எத்தனை வருஷமா ஒரு பக்கமாவே சாஞ்சு உட்கார்றேன்? கண்காட்சி மேடையில தலைமை நடுவருக்கு ரெண்டு கை வெச்ச நாற்காலி. முன்னாடி பேர்ப்பலகை. மேனேஜருக்கும் அழைப்பு அனுப்பியாச்சு.

மனைவி: தெரியுங்க. எங்க அண்ணன் வரைக்கும் சொல்லியாச்சே. சீக்கிரம் திறங்க. கீழ்ப்பக்கமா.

நிபுணர்: மேல்பக்கமா.

மனைவி: கீழ்ப்பக்கம் சுலபமா...

நிபுணர்: உனக்கெப்படித் தெரியும்? “இதோ, மேல் முத்திரையைக் கத்தியால் மிகுந்த பக்தியுடன்...” என்ன இது?

மனைவி: என்ன?

நிபுணர்: கத்தியே வைக்கல. வாழைப்பழத் தோல் மாதிரி கையோட வருது.

மனைவி: பழைய பசைதானே. காஞ்சிருக்கும்.

நிபுணர்: காஞ்சா இறுகும். இது... யாரோ சூடு காட்டின மாதிரி...

மனைவி: கத்தி வெச்ச மாதிரியே கையை ஆட்டுங்க, படத்துல தெரியாது. சிரிங்க!

நிபுணர்: சிரிக்கிறேன். “ஆஹா! காலம் அடைத்து வைத்த காற்று வெளியே வருகிறது. அந்நிய நாட்டுத் தொழிற்சாலையின் நறுமணம்...” பவுடர் வாசனை வருதே?

மனைவி: அங்கேயும் பொம்பளைங்க வேலை செய்வாங்கதானே?

நிபுணர்: “இதோ, பஞ்சு விலகுகிறது. பெட்டியின் மேல் உள்ள படத்தில் இருப்பது போலவே, இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி, உலகையே எதிர்த்து நிற்கும் நம் சாகச வீரர் சூறாவளியார்...” உட்கார்ந்திருக்கார்!

மனைவி: உட்கார்ந்தா என்ன?

நிபுணர்: சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கார்! நேத்துகூட நின்னுக்கிட்டு...

மனைவி: நேத்தா?

நிபுணர்: நேத்து... படத்துல பார்த்தேன். பெட்டி மேல படத்துல.

மனைவி: இன்னிக்கும் படத்துல நின்னுக்கிட்டுத்தான் இருக்கார். நிஜத்துல எத்தனை நாள் நிப்பார்? கால் கடுக்காது?

நிபுணர்: எனக்கு ஒண்ணுமே புரியல.

மனைவி: புரியலைன்னு முகத்துல காட்டாதீங்க. நடுவர் நீங்க.

நிபுணர்: ஆங்... “கவனியுங்கள்! போருக்கு முந்திய தியான நிலை. மிக அரிதான பதிப்பு. அடியேனும் கேள்விப்பட்டதுண்டு, கண்டதில்லை.” எப்படி?

மனைவி: பிரமாதம். எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு.

நிபுணர்: அடுத்தது மேலங்கி. “இந்த முதுகுத் துணியின் ஓரத்தைப் பாருங்கள். வழக்கமாக நூல் பிரிந்து தொங்கும். இங்கோ... மணி மணியான தையல்! ஒரு நூல் தப்பவில்லை. இது இயந்திரம் அல்ல. தன் வேலையைத் தவமாகச் செய்யும் ஒரு கலைஞரின் விரல்.”

மனைவி: இன்னொரு தடவை சொல்லுங்க.

நிபுணர்: எதை?

மனைவி: அந்த விரல்...

நிபுணர்: “கலைஞரின் விரல்.” ஏன், சரியா விழலையா?

மனைவி: விழுந்துச்சு. கேட்க நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான். சட்டைக்குப் பொத்தான் வெச்சுத் தந்தா “கோணல்”னு மட்டும்தான் சொல்லத் தெரியும்னு நினைச்சேன்.

நிபுணர்: அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கேமராவைக் கிட்ட கொண்டு வா. முகத்தைக் காட்டணும்.

மனைவி: வரேன்... அடக் கடவுளே, புருவத்துக்கு என்ன ஆச்சு?

நிபுணர்: என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கு?

மனைவி: ஒண்ணு எறும்பு ஊர்ற மாதிரி மேல ஏறிப் போகுது. அன்னிக்கு ரெண்டும் ஒரே மாதிரிதானே...

நிபுணர்: என்னைக்கு?

மனைவி: அதான்... படத்துல.

நிபுணர்: நீயும் படம் பார்த்தியா?

மனைவி: எல்லாரும் பார்க்கிற படம்தானே. எந்தக் கைநடுங்கி வரைஞ்சானோ! கண்ணு தெரியாதவன் பஸ்ஸுல போய்க்கிட்டே வரைஞ்சிருப்பான்.

நிபுணர்: அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. அவன் எவ்வளவு கஷ்டப்பட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வரைஞ்சானோ...

மனைவி: நீங்க ஏன் கோவிச்சுக்கிறீங்க? சிரிங்க.

நிபுணர்: “இடப்புருவத்தின் ஏற்றம், அநீதியைக் கண்டு ஐயுறும் வீரனின்...” கலை தெரியாதவங்களுக்கு இதெல்லாம் புரியாது.

மனைவி: அவர் முழங்கால் ஆடுது பாருங்க.

நிபுணர்: ஆடட்டும். அதைக் காட்டாதே. பின்னால ஏதோ இருக்கு... இது என்ன, முதுகுக்குப் பின்னால? குட்டி மூட்டை மாதிரி...

மனைவி: அதை விடுங்க. அப்படியே பஞ்சோட உள்ள தள்ளுங்க.

நிபுணர்: எதையும் மறைக்கக் கூடாது. “இதோ! நெடும்பயணத்தின் அதிர்வைத் தாங்குவதற்கென்றே நிறுவனம் வடிவமைத்த...” தலையணை. இது தலையணை.

மனைவி: அதிர்வு தாங்கிதான்.

நிபுணர்: நீலக் கட்டம் போட்ட தலையணை. பொறு... இந்தக் கட்டம்... மூலையில மைக் கறை... இது என் ஆபீஸ் சட்டை! கொடியில காத்துல பறந்து போச்சுன்னு சொன்னியே, அந்தச் சட்டை!

மனைவி: சிரிங்க...

நிபுணர்: சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்கிறேன்! என் சட்டை எப்படி வெளிநாட்டுல மூடின பெட்டிக்குள்ள போச்சு?

மனைவி: அதை நான் சொல்றேன், முதல்ல நீங்க இதைச் சொல்லுங்க. வெளிநாட்டுக்காரன் புருவத்தை என் கண்மைப் பென்சிலால ஏன் வரைஞ்சான்?

நிபுணர்: எந்தப் பென்சில்?

மனைவி: காணாமப் போன பென்சில். வீடெல்லாம் தேடினேன். நீங்களும் கூடவே கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடினீங்களே! இதோ, தொட்டா விரல்ல ஒட்டுது.

நிபுணர்: தொடாதே, அழிஞ்சுடும்!

மனைவி: எப்ப திறந்தீங்க?

நிபுணர்: நீ எப்ப?

மனைவி: நான் மேல்பக்கமா. இஸ்திரிப் பெட்டியை லேசா காட்டினா வந்துடும்.

நிபுணர்: நான் கீழ்ப்பக்கமா. பிளேடு... அப்புறம் ஆபீஸ் டேப். ஆமா, அலமாரிச் சாவி?

மனைவி: பழைய ஷூவுக்குள்ள வெச்சா தெரியாதா? வீட்டைப் பெருக்குறது யாரு?

நிபுணர்: பொம்மைன்னு கேலி பண்ணுவியே! உனக்கு எதுக்கு?

மனைவி: நீங்க போனப்புறம் காய் நறுக்கும்போது எதிர்ல உட்கார வெச்சுப்பேன். நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத ஆம்பளை இந்த வீட்டுல அவர் ஒருத்தர்தான். சாய்ஞ்சுக்க ஒண்ணும் இல்லையேன்னு தலையணை தைச்சேன். நேத்து ராத்திரி நீங்க தூங்கினப்புறம் இருட்டுலயே அதுல சாய வெச்சு மூடினேன், புருவத்தைப் பார்க்கல. நீங்க?

நிபுணர்: குளியலறையில... சண்டை.

மனைவி: யாரோட?

நிபுணர்: மேனேஜரோட. நான்தான் சூறாவளியார். மேனேஜர் வந்து... பற்பசை.

மனைவி: அதான் புதுப் பற்பசையெல்லாம் நடுவுல நசுங்கியே கிடக்குதா!

நிபுணர்: நேத்து சாயங்காலம் மேனேஜரைத் தூக்கி வீசும்போது இவர் நழுவித் தரையில விழுந்துட்டார். புருவம் பேர்ந்துடுச்சு. அதான்...

மனைவி: முழங்காலும் அப்பத்தான் உடைஞ்சுதா?

நிபுணர்: முழங்கால் நான் இல்ல. முதல் தடவை எடுத்தப்பவே ஆடிச்சு. நீ இல்லையா?

மனைவி: சத்தியமா இல்ல. எனக்கும் முதல் நாளே ஆடிச்சு. கம்பெனிக் கோளாறுன்னு நினைச்சேன்.

நிபுணர்: கம்பெனியா? இங்க பாரு, மஞ்சளா மரப்பசை அப்பியிருக்கு. அதுல கட்டைவிரல் ரேகை வேற. உன் விரலை வை.

மனைவி: இந்த ரேகைக்குள்ள என் விரல் ரெண்டு போகும். உங்களுது?

நிபுணர்: என் விரலுக்கும் இது பெருசு. தலை சுத்துது. மேல நீ, கீழ நான்... அப்ப இது யாரு?

மனைவி: அதை அப்புறம் பார்ப்போம். இப்ப என்ன பண்ணப் போறீங்க? புள்ளி இன்னும் ஓடுது. குரலை மாத்திட்டா யாருக்கும் தெரியாது. தியானம்னுகூடச் சொல்லிட்டீங்க.

நிபுணர்: நாற்காலி வேணும்தான்... ஆனா பல் டாக்டர் முகம் வந்து வந்து போகுதே. அன்னிக்குப் பெட்டியை அணைச்சுக்கிட்டு வெளிய போனார். நான் கைதட்டல் வாங்கிக்கிட்டு உட்கார்ந்தேன். சாயங்காலமே பிளேடு எடுத்தேன்.

மனைவி: அதே சாயங்காலமா?

நிபுணர்: அவர் மட்டும் தொட்டுட்டாரேன்னு இருந்துச்சு... அடடே, கேமராவுல மணி அடிக்குது!

மனைவி: உங்க போன்லதானே எடுக்கிறோம். தலைவர் கூப்பிடுறார். போச்சு, பதிவு நின்னுடுச்சு!

நிபுணர்: அவர் போட்ட விதியை அவரே உடைச்சுட்டார். ஒலிபெருக்கியில போடு. உண்மையைச் சொல்லிடுறேன்.

மனைவி: நிஜமாவா? நாற்காலி?

நிபுணர்: போடும்மா... வணக்கம் ஐயா.

தலைவர்: வணக்கம், வணக்கம்! நாளைய தலைமை நடுவரே! சங்கமே உங்கள் முதல் பார்வைக்காகத் தவம் கிடக்கிறது. மானிடக் கரம் தீண்டாத அந்தப் பெட்டி...

நிபுணர்: ஐயா, தீண்டியிருக்கு.

தலைவர்: என்ன தம்பி?

நிபுணர்: பெட்டி ஏற்கெனவே திறந்திருக்கு ஐயா. நான் திறந்தேன். என் வீட்டுக்காரியும் திறந்தா. மன்னிச்சுடுங்க. பல் டாக்டரைத் திரும்பச் சேர்த்துக்கோங்க. என்னை நீக்கிடுங்க.

தலைவர்: மெதுவா, மெதுவா பேசுங்க தம்பி.

நிபுணர்: என்ன ஐயா?

தலைவர்: ஒரு நிமிஷம்... கதவைச் சாத்திட்டு வரேன். பக்கத்துல வேற யாராவது இருக்காங்களா?

நிபுணர்: என் வீட்டுக்காரி மட்டும்தான் ஐயா.

தலைவர்: சரி, அவங்க இருக்கட்டும்... தம்பி, அந்த முழங்கால் இன்னும் ஆடுதா?