நாற்பத்தொன்றாம் பக்கம்

இந்து: அம்மா, நாப்பதாம் பக்கத்துக்கு அடுத்து அறுபத்திமூணு வருது.

சுருளியம்மாள்: அச்சடிச்சவன் அவசரத்துல இருந்திருப்பான்.

இந்து: கிழிச்ச தடம் தெரியுது. பதினோரு தாளு! யாரு கிழிச்சது?

சுருளியம்மாள்: தேயிலைக் கம்பெனி குடுத்த இந்த லயத்து வீட்டுல இருக்கிறது நானும் எலியும். எலி இவ்வளவு நேரா கிழிக்காது.

இந்து: ஏம்மா... எதுக்கு?

சுருளியம்மாள்: மூணு நாளா மழை விடல. வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு. பத்த வைக்கக் காகிதம் வேண்டியிருந்துச்சு.

இந்து: போன மாசம் காந்தலூர்ல இருந்து பஸ்ஸு மாறி மாறி, மூணு புத்தகத்த நனையாம கொண்டாந்து குடுத்தேன். எத மொதல்ல படிக்கணும்னு நம்பர் வேற போட்டேன். ஒன்னாம் நம்பரு, எட்டு மணி நேர வேலை எப்படி வந்துச்சுன்னு. ரெண்டாம் நம்பரு, நெலம் யாருக்குன்னு...

சுருளியம்மாள்: மூணாம் நம்பரு தாடிக்காரரு. அட்டையப் பாத்துட்டு அடுத்த வீட்டு மதலேனம்மா சிலுவை போட்டுக்கிட்டா.

இந்து: சிரிக்காத! கிழிஞ்சது எந்த எடம் தெரியுமா? குடியிருக்கிற வீட்ட விட்டு எறங்க மாட்டோம்னு ஒரு ஊரே உக்காந்த கதை. ஒனக்காகத்தான் பென்சில்ல கோடு போட்டு வச்சேன்.

சுருளியம்மாள்: கோடு போட்ட எடம் நல்லாப் பத்திக்கிச்சு.

இந்து: அம்மா!

சுருளியம்மாள்: பின்ன என்னடி? இதெல்லாம் கரைச்சுக் குடிச்ச ஒருத்தரு நமக்கு யூனியன் தலைவரா இருந்தாரு. மைக்கப் புடிச்சா மலையே செவக்கும். இப்ப அவருக்கு மாடி வீடு. எனக்கு அதே ஒத்த ரூமு. அதுக்கும் அடுத்த மாசம் பூட்டு.

இந்து: அவரு பாதியில மூடி வச்ச ஆளும்மா.

சுருளியம்மாள்: கடைசி வரைக்கும் படிச்ச ஆளு ஒருத்தரக் காட்டு, பாக்கலாம்.

இந்து: நீ படி. நீயே அந்த ஆளா இரு.

சுருளியம்மாள்: ஆத்தி... அம்பத்தெட்டு வயசுல!

இந்து: அம்பத்தெட்டு ஆச்சுன்னுதான வேலை முடிஞ்சதும் முப்பது நாள்ல வீட்டக் காலி பண்றேன்னு எழுதி, ஒப்பு போடச் சொல்லிக் குடுத்திருக்காங்க? அதுவும் மலையாளத்துல. நாளைக்குக் காலைல பெரட்டுக்களத்துல ஆள் கணக்கு எடுக்கும்போது மேனேஜரு கேப்பாரு. நீ பேசாம கையெழுத்துப் போட்டு நீட்டிருவ.

சுருளியம்மாள்: நீட்டுனா என்ன? முப்பத்தாறு வருசமா அவங்க குடுத்ததுல எல்லாம் ஒப்பு போட்டவதான.

இந்து: போடாத! நீ கிள்ளுன கொழுந்துல வளந்த மலை இது...

சுருளியம்மாள்: மலை எங்கடி கொழுந்துல வளந்துச்சு? கொழுந்துதான் மலையில வளந்துச்சு. புத்தகம் படிச்சவ பேச்சப் பாரு.

இந்து: கேலி பண்ணு. நாளைக்கு நானும் வரேன். பக்கத்துல நின்னு ஒங் கையப் புடிச்சுக்குவேன்.

சுருளியம்மாள்: போலீசு வந்தா?

இந்து: வரட்டும்.

சுருளியம்மாள்: சட்டி பானையத் தூக்கி மழையில எறிஞ்சா?

இந்து: ... எறிய விடமாட்டோம்.

சுருளியம்மாள்: என்ன, இழுக்குற?

இந்து: யாரு இழுத்தா?

மதலேனம்மாள்: சுருளியக்கா... கதவ ஏன் சாத்தியிருக்க? இந்தா, நாப்பத்தேழு முடிச்சிட்டேன். நாப்பத்தொம்பது யாருகிட்ட இருக்கு? அந்த ஊர்க்காரங்க எறங்குனாங்களா இல்லையான்னு... அய்யோ, பாப்பா வந்திருக்கா!

இந்து: சின்னம்மா, கையில என்னது? என் பென்சில் கோடு!

மதலேனம்மாள்: ஒங்கம்மா இன்னும் சொல்லலியா? இந்த வருசம் வேலை முடியுறது பதினோரு பேரு. ஆளுக்கு ஒரு தாளு, பிளாஸ்டிக்ல சுத்தி இடுப்புல. மலையில சாயா நேரத்துக்கு மாத்திக்குவோம். நேத்து நான் சத்தமா வாசிச்சேன் பாரு, ஜெபம்னு நெனச்சு சூப்பர்வைசரு தொப்பியக் கழட்டிட்டு நின்னாரு.

சுருளியம்மாள்: முடிஞ்சதும் ஆமென் வேற சொன்னாரு.

இந்து: அதுக்கு ஏம்மா கிழிக்கணும்? முழுசாக் கொண்டுபோயிருக்கலாம்ல?

சுருளியம்மாள்: முழுப் புத்தகம் மடியில துருத்தும், சூப்பர்வைசரு கண்ணுல படும். ஒரு புத்தகம், பதினோரு பேரு. எதையும் பங்கு போடணும்னு நீதான சொன்ன?

இந்து: அப்ப... நீ எரிச்ச காகிதம்?

மதலேனம்மாள்: ஒப்பு போடச் சொல்லிக் குடுத்த கம்பெனி காகிதம்! பதினோரு பேருதும் சேத்துப் பத்த வச்சு, மலைமேல கட்டஞ்சாயா போட்டோம். நாளைக்குக் கேக்கட்டும். தமிழ்ல எழுதிக் குடுங்க, வாசிச்சுப் பாத்துட்டு அப்புறமா மாட்டோம்னு சொல்றோம்னு சொல்லப்போறோம்.

இந்து: ஏம்மா... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் எவ்வளவு பயந்து...

சுருளியம்மாள்: தெரியும்டி. நீ குளிக்கப் போனப்ப, நாலாம் நம்பர் புத்தகம் ஏதும் கொண்டாந்திருக்கியான்னு ஒம் பையத் தொறந்தேன். புத்தகம் இல்ல. எம் பேரு எழுதுன வாடகைச் சீட்டோட சாவி கெடந்துச்சு, காந்தலூர்ல எனக்கு நீ வாடகைக்குப் புடிச்ச ரூமு சாவி. எறங்காதன்னு எனக்குப் பாடம் எடுத்துட்டு, எறக்கிட்டா எங்க வைக்கிறதுன்னு ஓடியிருக்க... சரி, அழாத. அத நாளைக்கு மத்தியானமே திருப்பிக் குடுத்துரு. காலைல எங்கூட வா. பயமா இருந்தா, ஒங் கைய நான் புடிச்சுக்கிறேன்.