சாஞ்ச கப்

— அந்தக் கம்பிய எதுக்குங்க்கா பையில போடறீங்க? இன்னும் சூளையே தொறக்கல.

— இது என்றதுங்க அம்மிணி. கம்பி, ஸ்பாஞ்சு, இந்த மூங்கக் குச்சி. மூணுந்தான் நான் ஊட்டுலிருந்து கொண்டாந்தது. மத்ததெல்லாம் உங்குளுது.

— பிரிசிக்கா, வெளையாடாதீங்க. சர்ச்சுலிருந்து நேரா வந்திருக்கறீங்க, சாப்பிடக்கூட இல்ல. உக்காருங்க. மொதல்ல என்ற விசயத்தக் கேளுங்க. பெங்களூர்க்காரங்க ஓகே பண்ணிட்டாங்க! அறுநூறு கப். நம்ம சாஞ்ச கப் மட்டும். அவங்க காபிக் கடை அத்தனைக்கும்.

— சந்தோசம் கண்ணு.

— அவ்வளவுதானா? நாலு வருசமா இந்தக் கோழி ஷெட்டுல ஞாயித்துக்கெழம ஆனா மண்ணும் கையுமா கெடந்திருக்கறோம். கேட்டதும் எந்திரிச்சுக் குதிப்பீங்கன்னு பாத்தேன்.

— நான் இனி வரலீங்க அம்மிணி. அதையச் சொல்லத்தான் வந்தேன்.

— எங்க வரல?

— இங்கதானுங்க, ஷெட்டுக்கு. வேற யாரையாச்சும் பாத்துக்குங்க.

— அக்கா, நான் வெள்ளிக்கெழம பேப்பர் போட்டுட்டேன்.

— ஏசப்பா! வேலைய உட்டுட்டீங்களா?

— உட்டாச்சு. "ஏம்மா வர்ஷினி, எட்டு வருசம் கார்மெண்ட்ஸ்ல மெர்ச்சண்டைசரா இருந்துட்டு சட்டி பானை செய்யப் போறியா"ன்னு எம்.டி. கேட்டாரு. ஆமாங்க சார்னு சொல்லிட்டு வந்துட்டேன். எங்கப்பா ரெண்டு நாளா மூஞ்சி குடுத்துப் பேசல. எல்லாம் உங்கள நம்பித்தான். நீங்களும் இந்த மாசத்தோட சாம்பிள் செக்சன்ல சொல்லிட்டு வந்தர்றேன்னு சொன்னீங்களா இல்லியா?

— சொன்னனுங்க.

— திங்கக்கெழம காலைல எல்லாரும் பஞ்ச் அடிக்க ஓடறப்ப நாம மட்டும் இங்க உக்காந்து சாவகாசமா மண்ணு பெசையோணும்னு சொன்னது யாரு? நம்ம கப்புக்கு "ஞாயிறு"ன்னு பேரு வெச்சுட்டு திங்கக்கெழம செஞ்சா சாமி குத்தமாயிருமான்னு கேட்டு, ரெண்டு பேரும் சிரிச்சு, எனக்குப் பொரையேறிப் போச்சே!

— நெனப்பிருக்குதுங்க. இப்ப மனசு மாறிருச்சு.

— மனசு எப்படிங்க்கா சும்மா மாறும்? மூணு வாரமா இங்க ஆளக் காணோம், கம்பெனிலயும் நீங்க வேற யூனிட்டு, கண்ணுல படல. மொத வாரம் ஒறம்பற வந்துட்டாங்கன்னீங்க. அடுத்த வாரம் காய்ச்சல். போன வாரம் போனே எடுக்கல. நான் ஒரு கிறுக்கி, பெங்களூர் பையருக்கு வாரத்துக்கொரு சாக்கு சொல்லிட்டு உக்காந்திருக்கறேன்.

— தப்புத்தானுங்க.

— யாராச்சும் கூப்பிட்டாங்களா? மறைக்காமச் சொல்லிருங்க. அந்தக் கோயமுத்தூர் ஸ்டூடியோக்காரி உங்க வீடியோவப் பாத்துட்டு நம்பர் கேட்டா. அவகிட்டப் போறீங்களா?

— நான் யாருகிட்டயும் போகலீங்க. இந்தக் கையி யாருக்கு வேணும்?

— பின்ன என்ன? பாண்டித்துரையண்ணன் ஏதாச்சும் சொன்னாரா? மண்ணு வேலைன்னா அவருக்கு எளக்காரமா?

— அவர ஒண்ணும் சொல்லாதீங்க. மதுரக்காரரு, வாயி பெருசு, மத்தபடி தங்கம். பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவால அந்தப் பஸ்சுல ஏறுன சனம் பூராத்துகிட்டயும், "எம் பொண்டாட்டி செஞ்ச கப்பு பெங்களூரு போகுதுங்க"ன்னு டிக்கெட் கிழிக்கறப்பவே பீத்திக்குவாரு. அவரு போகாதன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

— அப்ப நான்தான் ஏதோ பண்ணிட்டேன். சொல்லுங்க.

— ஐயோ, அதெல்லாம் இல்லீங்க.

— இல்லைன்னா ஏன் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கறீங்க? அக்கா, ஒண்ணு கேக்கறேன். நம்ம கம்பெனில மகளிர் தினத்தன்னிக்கு அந்தப் பானை வனையற வீலக் கொண்டாந்து வெச்சாங்களே, நாப்பது பேரு மொகமெல்லாம் மண்ண அப்பிக்கிட்டுச் சிரிச்சிட்டிருந்தம். நீங்க ஒருத்தருதான் உக்காந்த கையோட மண்ண நட்டநடுவுல நிறுத்துனீங்க. சொல்லிக்குடுக்க வந்த ஆளே வாயப் பொளந்துட்டு நின்னாரு. உங்கள இங்க கூட்டியாந்தது யாரு? எங்கப்பாகிட்ட சண்டை போட்டு இந்த ஷெட்டை வாங்குனது யாரு? சூளைக்குக் கரண்ட் லைன் இழுத்தது யாரு?

— நீங்கதானுங்க மேடம்.

— இப்ப எதுக்கு மேடம்? அது கம்பெனிக்குள்ள.

— ஷெட்டு உங்குளுது, சூளை உங்குளுதுன்னு கணக்கு வந்துட்டா நானும் மேடமுன்னுதானுங்களே சொல்லோணும்.

— அக்கா, நான் அந்த அர்த்தத்துல சொல்லல. கோவத்துல வாய் தவறிருச்சு. மன்னிச்சுக்குங்க. சரி, வராட்டிப் போங்க. கடைசியா ஒரே ஒரு கப் மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போயிருங்க.

— வேண்டாமுங்க.

— ஒண்ணே ஒண்ணு. நான் வீடியோ எடுத்து வெச்சுக்கறேன், அதப் பாத்துப் பழகிக்கறேன். மூணு வாரமா நானும் அந்தச் சாய்வைக் கொண்டாரலாம்னு முட்டி மோதிப் பாத்துட்டேன். அந்தப் பலகையில பாருங்க, எழுபது கப். அத்தனையும் கத்தியில வெட்டி வெச்சாப்புல இருக்குது. உங்க கப்போட விளிம்பு தானா ஒரு பக்கம் எறங்கி, அப்பறம் தெரியாம மேல ஏறும். "குடிக்கறப்ப யாரோ கையப் புடிச்சாப்புல இருக்குது"ன்னு அந்தப் பெங்களூர்ப் பொண்ணு எழுதியிருந்தா.

— எழுதுவாங்க, எழுதுவாங்க.

— அக்கா. இனி எதையுமே கேக்க மாட்டேன். இது ஒண்ணு.

— மண்ணு எங்க வெச்சிருக்கறீங்க?

— இதா, பெசஞ்சு ரெடியா இருக்குது. உக்காருங்க. ஏப்ரன் மாட்டிக்குங்க.

— நீங்களே கட்டி உடுங்க. எனக்கு முடிச்சுப் போட வராது.

— நல்லாருக்குது போங்க, சின்னப் புள்ளயாட்ட. ம், கட்டியாச்சு. வீல் போடறேன்.

— சித்த மெதுவா சுத்த உடுங்க.

— மெதுவாத்தான் ஓடுது. நடுவுக்குக் கொண்டாங்க… அக்கா, மண்ணு நடுவுக்கு வரல. எடது கைய முட்டுக் குடுங்க. ரொம்ப அமுத்தறீங்க! அக்கா, பிச்சுட்டுப் போகுது, கைய எடுங்க, எடுங்க! ஐயோ!

— நிறுத்துங்க.

— என்னங்க்கா இது, வேணும்னே பண்றீங்களா? கண்ண மூடிட்டுப் போடறவங்க நீங்க. எனக்குச் சொல்லித்தரப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிருங்க. இப்படி மண்ண அள்ளி எறிஞ்சு நாடகமாடாதீங்க!

— நாடகமில்ல கண்ணு. எனக்கு மண்ணு தெரியல.

— தெரியலைன்னா?

— கையில மண்ணு இருக்குதா இல்லையான்னு கண்ணால பாத்தாத்தான் தெரியுது. இந்தக் கையில மூணு வெரலு சுத்தமா மரத்துப்போச்சுங்க. அந்தக் கையில பாதி. இப்ப நீங்க புடிச்சிருக்கறீங்களே, எந்த வெரலுன்னு கண்ண மூடிட்டு என்னால சொல்ல முடியாது.

— அக்கா…

— கழுத்துங்க. கழுத்தெலும்புக்குள்ள நரம்பு நசுங்கிக் கெடக்குதாமா. பத்தொம்பது வருசம் மிசின்ல குனிஞ்ச கழுத்து, வேற எப்படி இருக்கும்? கோயமுத்தூர்ல டாக்டரு ஸ்கேன் படத்த வெளிச்சத்துல மாட்டிக் காமிச்சாரு. மூணு வாரமா அங்கதான் அலஞ்சிட்டிருந்தமுங்க. ஒறம்பறையும் வரல, காய்ச்சலும் வரல. உங்ககிட்டப் பொய் சொன்னேன்.

— ஏங்க்கா? எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?

— எப்படிங்க சொல்றது? போன் எடுத்தாலே ஆர்டரு, ஆர்டருன்னு பறந்துட்டிருந்தீங்க. சரியாயிருச்சுன்னா அப்பறம் சிரிச்சுட்டே சொல்லிக்கலாம்னு இருந்தேன். வர்ற வியாழக்கெழம ஆப்ரேசன்.

— ஆப்ரேசன் பண்ணுனா கை வந்துரும்ல? பையர்கிட்ட நான் பேசிக்கறேன். ரெண்டு மாசம், மூணு மாசம் தள்ளிக் கேக்கறேன். அவங்க இருப்பாங்க.

— வராதுங்களாமா.

— என்னது வராது?

— கையிதானுங்க. இனி மேல கெடாம நிறுத்தறதுக்குத்தான் ஆப்ரேசன். பண்ணலீன்னா காலும் இழுத்துக்குமாமா. போனது போனதுதான்கறாரு. டம்ளர் புடிக்கலாம், சோறு திங்கலாம், அந்தளவுக்குத் தேறுமாமா. ஊசி புடிக்க முடியாது, மண்ணு புடிக்க முடியாது. கம்பெனிலயும் என்னைய எதுக்குங்க வெச்சிருக்கப் போறாங்க? நேத்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்தேன், கோணிக்கிட்டுப் போச்சு. சூப்பர்வைசர் பாக்கறதுக்குள்ள பிரிச்சுப்போட்டேன்.

— எப்பருந்துங்க்கா இப்படி?

— அதைத்தான் டாக்டரும் கேட்டாரு. ஊசியில நூலு கோக்கச் செரமமாச்சு, வயசாகுது, கண்ணாடி போடோணும் போலன்னு நெனச்சேன். டீ டம்ளரு ரெண்டு தடவ நழுவுச்சு. ஜாக்கெட்டு ஊக்கு மாட்ட வரல. ரெண்டு மாசமா அவருதான் மாட்டி உடறாரு. மொத பஸ்சுக்கு ஓடற மனுசன், என்னைய எழுப்பி உக்கார வெச்சு ஊக்கு மாட்டிட்டுப் போறாரு. மண்ணுல கைய வெச்சு வெச்சுக் குளிர்ச்சி புடிச்சிருச்சுன்னு தைலம் தேச்சுட்டிருந்தமுங்க. ஆனா எல்லாத்துக்கும் மொதல்ல எதுன்னு ரோசிச்சுப் பாத்தா, கப்புதானுங்க.

— எந்தக் கப்?

— இந்தச் சாஞ்ச கப்பு. தைப்பொங்கல் முடிஞ்சு ஒரு ஈடு போட்டமே, அதுலதான் மொத மொத வந்துச்சு. நான் நேராத்தான் போட்டேன் கண்ணு. என்ற மனசுல அது நேராத்தான் இருந்துச்சு. எடுத்துப் பாத்தா ஒரு பக்கம் எறங்கிக் கெடக்குது. நசுக்கிப் போட்டர்லாம்னு கையத் தூக்கிட்டேன். நீங்கதான் ஓடியாந்து புடுங்கி, "அக்கா, இதுதான் அழகு, இதைய யாராலயும் செய்ய முடியாது"ன்னீங்க. போட்டோ புடிச்சுப் போட்டீங்க. சனம் அதைத்தான் கேட்டுச்சு.

— ஆமாங்க்கா.

— எனக்கு எத்தனை சந்தோசம் தெரியுங்களா? பத்தொம்பது வருசமா அடுத்தவங்க குடுத்த அளவுக்குத் தெச்ச கையி. கால் இஞ்சு கூடுனா ரிஜெக்ட்டு. இப்பத்தான் என்ற கைக்குன்னு ஒரு குணம் வந்திருக்குதுன்னு நெனச்சேன். சர்ச்சுல கூடச் சாட்சி சொன்னேனுங்க, கர்த்தர் என்ற கையில ஒரு புதுசு குடுத்திருக்கறாருன்னு. அது சீக்குன்னு எனக்குத் தெரியல.

— போதுங்க்கா, சொல்லாதீங்க.

— ஏழெட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா கை முழுசாத் திரும்பியிருக்கும்கறாரு டாக்டரு. "கூட இருக்கறவங்க யாருமே கவனிக்கலியா"ன்னு இவரப் பாத்துக் கேட்டுட்டாரு. பஸ்சு அதிரச் சத்தம் போடற மனுசன், அந்த வராண்டா பெஞ்சுல உக்காந்து, "நான் பாக்கலியே புள்ள, நான் பாக்கலியே"ன்னு தலையில அடிச்சுட்டு அழுவறாரு. அவரு என்னங்க பண்ணுவாரு? போறப்பவும் இருட்டு, வர்றப்பவும் இருட்டு. எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரியும்னு நான்தான் அவரத் தேத்துனேன்.

— அக்கா…

— நீங்க எதுக்குக் கண்ணு அழுவறீங்க? கண்ணத் தொடைங்க. கையெல்லாம் மண்ணு, மூஞ்சில அப்பிக்காதீங்க. ஆர்டரு கெட்டுப்போச்சேன்னுதான் எனக்குச் சங்கட்டமா இருக்குது. நாளைக்கே போயி எம்.டி. சாரைப் பாத்துப் பேப்பரத் திருப்பி வாங்கிக்குங்க. உங்க மேல அவருக்குப் பிரியம், இல்லைன்னு சொல்ல மாட்டாரு.

— என்னையத் திட்டுங்க்கா.

— உங்கள எதுக்குத் திட்டறேன்? நாலு வருசமா வாரத்துல ஒரு நாளு நானும் மனுசியா இருந்தேன்னா அது உங்களாலதான். கர்த்தருக்குப் பொறவு உங்களுக்குத்தான் நன்றி சொல்லோணும். செரி, பஸ்சுக்கு நேரமாச்சு, நான் வரட்டுங்களா?

— போகாதீங்க. அப்படியெல்லாம் சொல்லிட்டுப் போகாதீங்க. எங்க அப்புச்சி ஒருத்தர் இருந்தாரு, கொமரலிங்கத்துல.

— அம்மாவோட அப்பாருங்களா?

— ஆமா. அவருக்கும் கை இப்படித்தான் ஆச்சு. சட்டைக்குப் பட்டன் போட வராது. மோட்டார் ரூம் சாவி நழுவிட்டே இருக்கும். கழுத்து நரம்புதான். ஆரம்பத்துலயே கூட்டிட்டுப் போயி ஆப்ரேசன் பண்ணிட்டம். ஆஸ்பத்திரில பதினஞ்சு நாளும் கூட இருந்தது நான்தான்.

— நல்லாயிட்டாருங்களா?

— சாகற வரைக்கும் அவரே மம்புட்டி புடிச்சு வாய்க்கா வெட்டுனாரு.

— கொடுத்து வெச்ச மனுசன்.

— அக்கா, மாசி மாசத்துல நீங்க கப்புக்கு அடி சீவிட்டிருந்தீங்க, நான் வீடியோ எடுத்துட்டிருந்தேன். கத்தி மூணு தடவ கீழ உழுந்துச்சு. நாலாவது தடவ வெரலப் பாத்துப் பாத்துப் புடிச்சீங்க. அப்புச்சி சாவியப் புடிப்பாரே, அதே புடி.

— என்ன சொல்றீங்க அம்மிணி?

— எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சுங்க்கா.

— தெரிஞ்சுமா…?

— கை நல்லாயிட்டா கப் நேராயிருமேன்னு சொல்லாம உட்டுட்டேன்.