இரண்டாவது விசில்

18.08.2024, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 10 மணி 40 நிமிடம்.
3. இரவிலும் பல் துலக்குவது குறித்து

நம் குடியிருப்பின் பெரியோர்களே, தாய்மார்களே... என் உரையின் முதல் இரண்டு பகுதிகளில் பின்வரிசையில் இருவருக்குக் கண் சொக்கியதைக் கவனித்தேன். குறை என்னுடையதே. ஆகவே மூன்றாம் பகுதியை ஒரு சின்னக் கதையாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம்தான். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

நான் அரசுப் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வைரக்கண்ணு என்றொரு நடத்துநர். ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் கம்பி. அப்படியானால் விசில் எங்கே இருக்கும்? முன்பற்களுக்கு நடுவே. காலை ஏறினால் இறங்கும் வரை அங்கேயேதான். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும். இரண்டு விசில் என்றால் வண்டி போகும். இதை நினைவில் வையுங்கள்... பின்னால் தேவைப்படும்.

1997 மார்ச் 6, வியாழக்கிழமை, காலை 9.12. கடைத்தெரு நிறுத்தத்தில் ஆட்கள் ஏறியாயிற்று. வைரக்கண்ணு முதல் விசில் கொடுத்தார். அடுத்ததும் வந்துவிடும் என்ற பழக்கத்தில் ஓட்டுநர் வண்டியை நகர்த்திவிட்டார். இரண்டாவது விசிலுக்குப் பல்லை அழுத்தினார்... சுரீர் என்றது. விசில் நழுவி ஓர் அம்மாவின் கத்தரிக்காய்க் கூடையில் விழுந்தது. ஓட்டுநர் சகாயராஜ் காதில் கேட்டது ஒன்றுதானே? பிரேக் போட்டுவிட்டார்.

"யோவ் வைரம், போறதா நிக்கிறதா? ஒரு முடிவுக்கு வாய்யா."

"பல்லு ஆடுதுய்யா."

"பல்லு ஆடுனா வண்டியும் ஆடணுமா?"

மறுநாள் மாலை, மனைவி தவமணி அம்மாளுடன் பல் மருத்துவரிடம் போனார். நான் எப்படி அறிவேன் என்றால், அதே பெஞ்சில் என் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு பல்லு ஆடுது. ஈறு கெட்டிருக்கு. நான் சுத்தம் பண்ணிவிடுறேன், மிச்சம் உங்க கையில. காலையில மட்டும் விளக்குனா பத்தாது. ராத்திரி சாப்பிட்டு முடிச்சும் விளக்கணும். இல்லேன்னா அடுத்த தீபாவளிக்கு இந்தப் பல்லு இருக்காது."

வைரக்கண்ணுவின் முகம் சுருங்கிவிட்டது.

"பல்லு போனா விசில் போச்சு டாக்டரம்மா. விசில் போச்சுன்னா என்னைய ஆபீசுல உக்கார வச்சிருவாங்க. இருபத்தாறு வருசம் ஓடுற வண்டியில நின்னவன்... எனக்கு உக்காரத் தெரியாது."

அத்தனை பயந்தவர் ஒழுங்காகத் துலக்கினாரா? துலக்கினார். எப்படி? அதுதான் வேடிக்கை. மே 9, மீண்டும் வெள்ளிக்கிழமை, அதே பெஞ்ச், அதே மூவர். டாக்டரம்மா திகைத்துப் போனார்.

"என்ன பண்ணுனீங்க? ஈறெல்லாம் தேஞ்சு ரத்தம் வருது."

"டபுள் டூட்டி பாத்தேன் டாக்டரம்மா."

எங்கள் பணிமனையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாள் சேர்த்து வேலை பார்த்தால், மறுநாள் வராமல் இருக்கலாம். நம்மவர் பல்லுக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார். வாரம் முழுக்க இரவில் துலக்காமல் படுத்துவிடுவது, விடுப்பு நாளில் உட்கார்ந்து, விட்ட ஆறு தடவையையும் தேய் தேய் என்று தேய்த்துத் தீர்ப்பது.

டாக்டரம்மா கேட்டார்: "நேத்து உங்க ஸ்டாப்புல நின்ன ஆளை இன்னிக்குப் போய் ஏத்த முடியுமா?"

"அதெப்படி? அவரு நேத்தே நடந்து போயிருப்பாரே."

"அதே மாதிரிதான். நேத்து ராத்திரி பல்லுல ஒட்டுனது நேத்தே வேலையை முடிச்சிருச்சு."

"களைச்சுப் போய் வர்றேன்... மறந்துருது."

இங்கேதான் தவமணி அம்மாள் பேசினார்.

"மறதியாம். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அந்த விசிலைச் சோப்புப் போட்டுக் கழுவி ஆணியில மாட்டுறாரு டாக்டரம்மா. கல்யாணமான நாள்லேருந்து ஒரு நாளு தப்புனதில்லை. அந்த விசிலைக் கடிக்கிற பல்லு மட்டும்தான் இவருக்கு ஞாபகம் வரலை."

பெஞ்சில் சிரித்தவன் நான். வலித்தது... இருந்தும் சிரித்தேன்.

அன்று மாலை அந்த அம்மாள் இரண்டு காரியம் செய்தார். விசில் மாட்டும் ஆணியில் பல் துலக்கும் பிரஷைக் கட்டித் தொங்கவிட்டார். விசில் கழுவும் நேரத்தைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். அவ்வளவுதான். விசிலை மாட்டப் போனால் பிரஷ் கையில் இடிக்கும். இடித்தால் துலக்காமல் எப்படி வருவது? மெதுவாக, இரண்டே நிமிடம், தினமும்.

நவம்பர் 7 அன்று டாக்டரம்மா மூன்று பல்லையும் விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. தீபாவளி வந்து போயிருந்தது... பல் போகவில்லை.

2001 மே 31, வியாழக்கிழமை, மாலை 5.35. ஓய்வு பெறும் நாளில் வைரக்கண்ணு வண்டியோடு பணிமனைக்குள் வந்தார். இறங்கவில்லை. படியில் நின்றபடியே இரண்டு விசில் கொடுத்தார். சகாயராஜ் எட்டிப் பார்த்து, "இனி எங்கய்யா போறது, சுவர்தான் இருக்கு" என்றார். "போற இடம் கிடக்கட்டும். ரெண்டும் கேட்டுச்சா?" என்றார் வைரக்கண்ணு. கேட்டது. வருகைப் பதிவேட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்த என் பேனா நின்றுவிட்டது.

அன்பர்களே... இப்போது உங்களைக் கேட்கிறேன். காலையில் மட்டும் துலக்குகிறீர்களே, அது எத்தனை விசில்? ஒன்று. ஒரு விசிலுக்கு வண்டி என்ன செய்யும்? நிற்கும். இரவில் துலக்குவதுதான் இரண்டாவது விசில். ஞாயிற்றுக்கிழமை சேர்த்து ஊதலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மறதி என்றும் சொல்லாதீர்கள். உங்களில் யார் இரவில் கதவைப் பூட்டாமல் படுக்கிறீர்கள்? யார் செல்பேசிக்குச் சார்ஜ் போட மறக்கிறீர்கள்? மறக்காத அந்த ஒரு வேலைக்குப் பக்கத்தில் பிரஷை மாட்டுங்கள்.

நாற்காலியில் ஒவ்வொருவருக்கும் ஓர் உறை வைத்திருக்கிறேன். அதனுடன் இணைத்திருப்பவை:

(அ) மென்மையான பிரஷ் – 1
(ஆ) ஆணி, இரண்டு அங்குலம் – 1
(இ) தேதி எழுதும் தாள் – 1. இன்றைய தேதியை நானே எழுதிவிட்டேன். நாளைய தேதி உங்கள் கையெழுத்தில் வர வேண்டும்... இரவு துலக்கிய பிறகு.